கேள்வி பதில்: கமரா வேணுமோ, வேண்டாமோ?

போன மாசம் ஒரு கேள்விக்குப் பதில் எழுதேக்க "ஏ-9 றோட்டில, எங்கட பக்கத்திலயும் நிரந்தரமா ஸ்பீட் கமரா பூட்டவேணும்" எண்டு ரெண்டு வரி எழுதினனான். அதுக்கு வந்த அளவு கடிதமும் வட்ஸ்அப்பும் இந்தப் பகுதி தொடங்கின காலத்தில இருந்து வேற எந்த விசயத்துக்கும் வரேல்ல. பாதிப்பேர் ஏசியிருக்கினம், மற்றப் பாதி தங்கட வீட்டில நடந்ததை எழுதியிருக்கினம். எல்லாத்தையும் போட ஏலாது, ஏசினதில நியாயம் இருந்ததைத்தான் முதல்ல எடுத்திருக்கிறன்.

மாஸ்ரர், உங்களில மரியாதை இருக்கு, ஆனா நீங்கள் எழுதினது பிழை. கொடிகாமத்துக்கு இங்கால பொலிஸ் என்னை மறிச்சு, 70இல வந்தனான் எண்டு தண்டத்துண்டு எழுதினவை. மரத்துக்குப் பின்னால ஒளிச்சு நிண்டு ஸ்பீட் கன்னைப் பிடிக்கிறது பாதுகாப்போ, காசு உழைக்கிறதோ? கமரா வந்தா இதுதானே 24 மணித்தியாலமும் நடக்கும்? (24 வயசு, திருநெல்வேலி)

தம்பி, கோவம் விளங்குது. ஒளிச்சு நிண்டு பிடிக்கிறதை நானும் சரியெண்டு சொல்லமாட்டன். ஒளிச்சு நிண்டா ஓடுறவன் பிடிபட்ட பிறகுதான் வேகத்தைக் குறைப்பான், எங்களுக்கு வேண்டியது அவன் முதலே குறைக்கிறது. அதாலதான் நான் கமராவைக் கேக்கிறன். பிரித்தானியாவில 2001இல என்ன செய்தவை எண்டா, நிரந்தரக் கமராப் பெட்டியெல்லாத்துக்கும் பளிச்செண்டு மஞ்சள் பெயின்ற் அடிக்கச் சொன்னவை, தூரத்திலயே தெரியவேணும், முன்னுக்குப் போர்ட்டும் இருக்கவேணும் எண்டு. அப்பிடிப் பூட்டினா ஒருத்தன் கமராவைக் கண்டு காலை எடுப்பான், படமும் விழாது காசும் வராது, ஆனா அந்தச் சந்தியைக் கடக்கிற பள்ளிக்கூடப் பிள்ளை கடந்திடும். படமே விழாத கமராதான் நல்லா வேலை செய்யிற கமரா எண்டு நான் நினைக்கிறன்.

மற்றது, "70 எல்லாம் ஒரு வேகமே" எண்டு கடிதத்தின்ர கடைசியில எழுதியிருக்கிறீர். 31 வருசம் பௌதிகம் படிப்பிச்சவனிட்டச் சொல்லுற கதை இல்லை அது. குடிமனை உள்ள இடத்தில எங்கட நாட்டில 50, வெளியில 70 எண்டுதான் சட்டம், ஓட்டோவுக்கு 40. நீர் வந்த இடம் ரெண்டு பக்கமும் வீடும் கடையும். சரி, ஒரு கொப்பியும் பேனையும் எடும். 50இல வந்தா ஒரு செக்கனில 14 மீற்றர் போவீர், 70இல வந்தா 19 மீற்றரை விடக் கொஞ்சம் கூட. ஒரு பிள்ளை குறுக்க ஓடுது, மூளைக்கு விளங்கிக் காலும் கையும் பிரேக்குக்குப் போக ஒரு செக்கன் எண்டு வைப்பம். 50இல வந்தவன் அந்தச் செக்கனில 14 மீற்றர் போய், பிரேக் பிடிச்சு இன்னொரு 14 மீற்றரில நிக்கிறான், மொத்தம் 28. 70இல வந்தவனுக்கு 28ஆவது மீற்றரில என்ன வேகம் தெரியுமோ? அவனுக்கு யோசிக்கவே 19 போட்டுது, பிரேக்குக்கு மிஞ்சினது 9 மீற்றர் கூட இல்லை. கணக்குப் பாத்தா அந்த இடத்தில அவன் இன்னும் 58இல போய்க்கொண்டிருக்கிறான். முதலாவது ஆள் பிள்ளைக்கு முன்னால நிண்டிட்டான், ரெண்டாவது ஆள் 58இல பிள்ளையில அடிக்கிறான். ரெண்டு பேருக்கும் இடையில வித்தியாசம் வெறும் 20தான். நல்ல றோட்டு, நல்ல ரயர், நல்ல பிரேக் எண்டு வைச்ச கணக்கு இது, மழைக்குள்ள வேற கணக்கு.

நடந்து போற ஒரு ஆளைக் கார் அடிச்சா, 50இல அடிக்கிறதை விட 65இல அடிச்சா ஆள் சாகிற வாய்ப்பு நாலரை மடங்கு எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நாலரை மடங்கு தம்பி. இதை எழுதேக்க எனக்குக் கை நடுங்குது, ஏனெண்டா அந்தக் கணக்குப் படிச்ச என்ர மாணவர் மூண்டு பேரின்ர செத்தவீட்டுக்கு நான் போயிருக்கிறன்.

காசு விசயத்தில மட்டும் உம்மோட நிக்கிறன். தண்டப்பணம் அதைப் பிடிக்கிற ஆக்களிட்டப் போகக்கூடாது. பிரித்தானியாவில கொஞ்சக் காலம் கமரா நடத்தினவையே தங்கட செலவுக்கு அந்தக் காசில இருந்து எடுத்தவை, சனம் அதைக் காட்டித்தான் "உழைப்பு" எண்டு கத்தினது, 2007இல அந்த முறையை விட்டிட்டினம். இங்க வரேக்க அந்தப் பிழையில இருந்து தொடங்கத் தேவையில்லை. காசு மத்திய திறைசேரிக்குப் போகாமல், அந்தச் சந்தியில நடைபாதைக்கும் லைற்றுக்கும் கடவைக்கும் எண்டு கணக்குக் காட்டிச் செலவழிச்சா உம்மை மாதிரிப் பெடியளும் ஓமெண்டுவினம்.

ஐயா, நான் ஸ்காபரோவில இருக்கிறன், ஊர் அளவெட்டி. இங்க ஒன்ராறியோவில 2025 நவம்பர் 14ஓட கமராவெல்லாம் சட்டப்படி நிப்பாட்டியாச்சு. காசு புடுங்கிற வேலை எண்டு முதல்வர் டக் ஃபோர்டே சொல்லிப்போட்டார். கனடா தூக்கி எறிஞ்சதை யாழ்ப்பாணத்துக்குக் கேக்கிறியளே?

தங்கச்சி, கனடா எறியேல்ல, ஒன்ராறியோ எறிஞ்சது, பக்கத்துக் கியூபெக்கில கமரா இருக்கு. எறிஞ்ச கதையையும் முழுசாப் பாக்கவேணும். உங்கட றொரன்ரோவில பார்க்சைட் றைவ் எண்டு ஒரு றோட்டு, ஹை பார்க்குக்குப் பக்கத்தால போறது. அதில 2021 ஒக்ரோபரில ஒரு வயசான சோடி வாகனம் மோதிச் செத்தவை. அயல் ஆக்கள் கேட்டுக் கேட்டு அடுத்த வருசம் கமரா வந்தது. அந்தக் கமராவை ஆரோ இரவில வந்து அறுத்து விழுத்தினாங்கள், திரும்பப் பூட்ட திரும்ப அறுத்தாங்கள், 2024 டிசம்பரில அறுத்ததைக் கொண்டுபோய்ப் பார்க்கில இருக்கிற வாத்துக் குளத்துக்குள்ள போட்டிருந்தது. அந்தப் படத்தை இங்க கனபேர் பகிர்ந்து சிரிச்சவை. எனக்குச் சிரிப்பு வரேல்ல, நான் அந்த ரெண்டு கிழடுகளைத்தான் நினைச்சன்.

அதே றொரன்ரோவில சிக்கிட்ஸ் ஆஸ்பத்திரியும் றொரன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகமும் சேர்ந்து பள்ளிக்கூடத்தடிக் கமராக்களை ஆராய்ஞ்சு 2025 ஜூலையில வெளியிட்டவை. கமரா நிண்ட இடத்தில வேக எல்லையை மீறி ஓடுறது 45 வீதம் குறைஞ்சிருக்கு. பிள்ளையளை வைத்தியம் பாக்கிற ஆஸ்பத்திரிக்காரர் சொன்னது அது. அது வெளிவந்து நாலு மாசத்தில கமராவையே நிப்பாட்டினது எனக்கு விளங்கேல்ல.

இப்பிடி நிப்பாட்டிப் பாத்த இடங்கள் வேறயும் இருக்கு. இங்கிலாந்தில ஒக்ஸ்போர்ட்ஷயரில 2010 ஓகஸ்டில காசில்லை எண்டு நிரந்தரக் கமராவெல்லாத்தையும் நிப்பாட்டினவை, 2011 ஏப்ரலில திரும்பப் போட்டவை. பிரான்சில 2003இல தானியங்கிக் கமரா வரத் தொடங்கினது, 2002இல 7,000க்கு மேல இருந்த றோட்டுச் சாவு 2010இல 4,000க்குக் கீழ வந்தது. கமரா மட்டும்தான் காரணமெண்டு சொல்லமாட்டன், குடிச்சு ஓடுறதையும் அவை இறுக்கினவை. 2018, 2019இல மஞ்சள் சட்டைக்காரர் போராடேக்க அந்தக் கமராக்களில பாதிக்கு மேல பழுதாக்கினாங்கள், அதில கொஞ்சம் எரிச்சதும் இருக்கு. கோவத்துக்குக் காரணம் இருந்தது, பெற்றோல் வரி, நாட்டுப்புறத்தில 90ஐ 80 ஆக்கினது எண்டு. ஆனா வரியில இருந்த கோவத்தைக் கமராவில தீர்த்தது சரியெண்டு சொல்லமாட்டன்.

சேர், நான் பிறைவேற் பஸ் ஓடுறன், பருத்தித்துறை றூட். நேரத்துக்குப் போகாட்டிப் பின்னால வாறவன் முந்தி என்ர சனத்தை ஏத்திக்கொண்டு போயிடுவான். நேரம் பிந்தினா ரைம்கீப்பரிட்ட ஏச்சு. எங்களை மட்டும் குற்றம் சொல்லாதேங்கோ.

தம்பி, உங்கட கடிதத்தைத்தான் ரெண்டு தரம் வாசிச்சனான், ஏனெண்டா நீங்கள் சொல்லுறது உண்மை. நாள் முடிய முதலாளியிட்ட இவ்வளவு குடுக்கவேணும், மிச்சம் தான் உங்களுக்கும் கொண்டக்ரருக்கும் எண்டிருக்கிற வரைக்கும் ஒவ்வொரு சந்தியில நிக்கிற சனமும் உங்கட வீட்டு அரிசி. அந்த ஓட்டத்தை ஒரு கமரா நிப்பாட்டாது. சம்பளம் எண்டு ஒண்டு வரவேணும், அரச பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே நேர அட்டவணையில மாறி மாறி ஓடவேணும், இது கனகாலமாப் பேசிக்கொண்டே இருக்கிற விசயம்.

ஆனா நேரம் மிச்சம் பிடிக்கிறியள் எண்டு நினைக்கிறியள் பாருங்கோ, அதில ஒரு கணக்கு. யாழ்ப்பாணத்தில இருந்து பருத்தித்துறை ஏறத்தாழ 35 கிலோமீற்றர், அதுக்குள்ள எத்தினை தரிப்பு, எத்தினை சந்தி. தட்டுத்தடங்கல் இல்லாம அமத்திப் பிடிக்க ஒரு 10 கிலோமீற்றர் கிடைச்சாலே பெரிய காரியம். அந்தப் பத்தை 50இல போனா 12 நிமிசம், 70இல போனா எட்டரை நிமிசம். மூண்டரை நிமிசம் தம்பி. அந்த மூண்டரை நிமிசத்துக்காக முன்வாசலில தொங்கிக்கொண்டு வாற ஏ.எல் படிக்கிற பிள்ளையளைக் கொண்டு நீங்கள் முந்துறியள்.

2016 டிசம்பரில சாவகச்சேரி சங்கத்தானையில வானும் பஸ்ஸும் மோதி 10 பேர் செத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டியள். தெற்கில இருந்து யாழ்ப்பாணம் பாக்க வந்த சனம். 2025 மே மாசம் கொத்மலையில பஸ் பள்ளத்துக்க போய் 20க்கு மேல, செப்ரெம்பரில எல்லவில 15. ஒவ்வொண்டுக்கும் பிறகு விசாரணை எண்டினம், ரெண்டு கிழமை பத்திரிகையில வருது, பிறகு பழையபடி. எங்கட நாட்டில ஒரு வருசத்துக்கு 2,000 பேருக்கு மேல றோட்டில சாகினம். சண்டைக்காலத்தில நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தனாங்கள், இதை ஒருத்தரும் எண்ணுறேல்ல.

மோட்டச்சைக்கிள் வாங்கித் தரச்சொல்லி மகன் சாப்பிடாமல் இருக்கிறான். வெளிநாட்டில இருந்து மாமன் காசு அனுப்பிறன் எண்டிட்டார். என்ன செய்யிறது? (ஒரு அம்மா, கோப்பாய்)

அம்மா, வாங்கிக் குடுக்காதேங்கோ எண்டு நான் சொல்ல ஏலாது, பஸ் இல்லாத ஒழுங்கைக்க இருக்கிறவனுக்கு அது கால். ஆனா 150 சிசியோ அதுக்கு மேலயோ முதல் வண்டியா வேண்டாம். லைசன்ஸ் எடுத்த பிறகு காசு அனுப்பச் சொல்லி மாமனிட்டச் சொல்லுங்கோ, அது முக்கியம், காசு முதல் வந்தா லைசன்ஸ் பிறகுதான்.

ஹெல்மெற் வாங்கேக்க நீங்களும் கடைக்குப் போங்கோ. தலையில போட்டு, நாடிப்பட்டியைப் பூட்டி, பின்னால இருந்து முன்னுக்குத் தள்ளிப் பாருங்கோ, கழண்டு வந்தா அது வேண்டாம். ஹெல்மெற் போட்டா சாவு 42 வீதமும் தலைக்காயம் 69 வீதமும் குறையுது எண்டு உலகத்தில நடந்த ஆய்வுகள் எல்லாத்தையும் சேர்த்துப் பாத்துச் சொல்லியிருக்கினம். ஆனா பட்டி பூட்டாத ஹெல்மெற் அடிபட முதலே பறந்திடும். எங்கட றோட்டில நான் பாக்கிறது, ஹெல்மெற் கைப்பிடிக் கண்ணாடியில தொங்கும், பொலிஸ் நிக்குது எண்டு எதிர்ல வாறவன் தலையில தட்டிக் காட்டினா உடன தலைக்குப் போகும், சந்தி கழிய திரும்பக் கண்ணாடிக்குப் போகும்.

கமரா எப்பிடி வேகத்தைப் பிடிக்குது? (தரம் 12 மாணவன், வடமராட்சி)

இந்தக் கேள்விக்காக நான் காத்திருந்தனான். டொப்ளர் விளைவு படிச்சிருப்பீர், கிட்ட வாற அம்புலன்சின்ர சத்தம் கூர்மையாயும் தூரப் போறதின்ர சத்தம் மொத்தமாயும் கேக்கும் எல்லே, அதேதான். ராடர் அலையை அனுப்பி, வாகனத்தில பட்டுத் திரும்பி வாற அலையின்ர மீடிறன் (ஒரு செக்கனில எத்தினை அதிர்வு எண்டது) எவ்வளவு மாறியிருக்கு எண்டு பாக்கும், அதில இருந்து வேகம். பழைய கமராக்கள் அதோட அரைச் செக்கன் இடைவெளியில ரெண்டு படம் எடுக்கும், றோட்டில வெள்ளைக் கோடுகள் அளவாப் போட்டிருக்கும், ரெண்டு படத்துக்கும் இடையில வாகனம் எத்தினை கோடு தாண்டினது எண்டு எண்ணினா ராடர் சொன்னது சரியோ பிழையோ எண்டு தெரியும். வழக்கு வந்தா நீதிமன்றத்தில காட்டுறது அதைத்தான்.

இந்த இயந்திரத்துக்கு வழி காட்டினவர் மொறிஸ் கட்சோனிடிஸ் எண்ட டச்சுக்காரர். அவர் கார்ப் பந்தயக்காரர், 1953இல மொன்ரே கார்லோ றலி வெண்டவர். தான் வளைவில எவ்வளவு வேகத்தில திரும்புறன், இன்னும் கூட்டலாமோ எண்டு அளக்கத்தான் முதல்ல கருவி செய்தவர், பிறகு அது பொலிஸ் கைக்குப் போச்சு.

இப்ப புதுசா ஒண்டு, சராசரி வேகக் கமரா. ஒரு இடத்தில இலக்கத்தகட்டைப் படம் எடுக்கும், பல கிலோமீற்றர் தள்ளித் திரும்ப எடுக்கும், தூரத்தை நேரத்தால வகுக்கிறதுதான் வேலை. ஏ-9க்கு இதுதான் பொருந்தும் எண்டு நான் நினைக்கிறன், கிளிநொச்சிக்கும் ஆனையிறவுக்கும் இடையில நேர் றோட்டு, காப்பெற். ஒரு கமரா எண்டா அதுக்குக் கிட்ட மட்டும் பிரேக் பிடிச்சிட்டுப் பிறகு அமத்துவினம், இங்கிலாந்தில செய்த ஆய்விலயும் கமராவுக்கு அரைக் கிலோமீற்றருக்குள்ளதான் நல்ல பலன், தூரம் போகப்போக பழையபடி எண்டு கண்டிருக்கினம். ரெண்டு கமரா எண்டா அந்த விளையாட்டு இல்லை.

எங்கட ஒழுங்கையில நாங்களே சீமெந்தில பம்ப் போடலாமோ? (கொக்குவில்)

போடாதேங்கோ. பெயின்ற் அடிக்காத, இரவில தெரியாத பம்ப்பில விழுறது வேகமா வாறவன் இல்லை, பால் கொண்டுபோற சைக்கிள்காரன். பிரதேச சபைக்கு எல்லாரும் கையெழுத்து வைச்சுக் குடுங்கோ, தட்டையான அகலமான பம்ப் கேளுங்கோ.

கமரா வந்தா ரிப்பர்காரன் தப்புவான், பைக்காரன்தான் மாட்டுவான். இலக்கத்தகட்டில சேறு பூசினா கமரா என்ன செய்யும்? வாகனம் பாதியும் ஆற்றையோ பேரில இருக்கு. (சாவகச்சேரி)

சரியான கேள்வி. கொழும்பில 2024 ஜனவரியில சிசிரிவி கமராவை வைச்சு வழக்குப் போடத் தொடங்கேக்க வந்த பிரச்சினையும் இதுதான், வாகனம் ஆற்றை பேரில பதிஞ்சிருக்கோ அவருக்குத்தான் கடிதம் போகும். எங்கட பக்கம் ஓப்பின் பேப்பரில, அதாவது பேர் மாத்தாமல் கையெழுத்து மட்டும் வைச்ச பத்திரத்தில, கைமாறி நாலாவது ஆள் ஓடுற வாகனம் எத்தினை. வித்தவர் வவுனியாவில நிம்மதியா இருக்கேக்க அவற்ற வீட்டுக்குத் துண்டு வரும். அதால கமராவுக்கு முதல் பேர் மாத்துற வேலையைச் சுகமாக்கவேணும், மாத்துறதுக்கு ஒரு காலக்கெடு குடுக்கவேணும். சேறு பூசின தகட்டுக்கு மனுசப் பொலிஸ்தான் வேணும், விடியக்காலமை மணல் ஏத்திக்கொண்டு வாற ரிப்பரை மறிக்கிறதுக்கு கமராவுக்குக் கை இல்லை. ஆனா கமரா ஆரின்ர மகன் எண்டு பாக்காது, கைக்குள்ள ஒண்டும் வாங்காது. மறிச்ச இடத்திலயே கதைச்சு முடிக்கிறதைப் பாத்துப் பழகின எங்களுக்கு அது சின்ன விசயம் இல்லை.

பொலிஸ் நிண்டா எதிர்ல வாறவனுக்கு லைற் அடிச்சுக் காட்டுறது எங்கட ஊர் வழக்கம். உதவிதானே, அதில என்ன பிழை? (ஓய்வுபெற்ற லிகிதர், கைதடி)

ஐயா, நானும் இருபது வருசம் லைற் அடிச்சனான். உதவி எண்டுதான் நினைச்சனான்.

கொஞ்ச வருசத்துக்கு முதல் ஒரு பின்னேரம் நாவற்குழிப் பக்கம் வரேக்க எதிர்ல ஒரு பெடியன் பறந்து வந்தான். எனக்குப் பின்னால ஒரு கிலோமீற்றரில பொலிஸ் நிண்டது, லைற் அடிச்சன். அவன் கையைத் தூக்கி நன்றி சொல்லிக் குறைச்சான், கண்ணாடியில பாத்தனான், வடிவாக் குறைச்சுத்தான் போனான். அடுத்த நாள் அதே றோட்டால போகேக்க, பொலிஸ் நிண்ட இடத்தைத் தாண்டி ஒரு முக்கால் மைலில சனம் நிண்டுது. றோட்டில ஒரு சின்னச் செருப்பு, அதைச் சுத்தி வெள்ளைச் சோக்கட்டியால வட்டம் போட்டிருந்தது. நேற்றுப் பின்னேரம் நடந்ததாம், ரியூசன் முடிஞ்சு சைக்கிளில வந்த பிள்ளை, 1990 எண்ட நம்பருக்கு அடிச்சா வாற அம்புலன்ஸ் வந்து ஏத்திக்கொண்டு போனதாம், பெரியாஸ்பத்திரியில இரவு முடிஞ்சுதாம். அடிச்ச வண்டியின்ர நிறத்தைச் சொல்லிச்சினம்.

அதே பெடியனோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. நான் ஒருத்தரிட்டயும் கேக்கேல்ல. பொலிஸைத் தாண்டின பிறகு அவன் திரும்ப அமத்தியிருப்பான் எண்டு மட்டும் தெரியும், ஏனெண்டா எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறம். நான் அடிச்ச லைற் அவனை ஒரு தண்டத்துண்டில இருந்து காப்பாத்தினது. மறிச்சிருந்தா அவன் அந்த இடத்தில ஒரு கால் மணித்தியாலம் நிண்டிருப்பான், அதுக்குள்ள அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கும்.

இப்ப நான் லைற் அடிக்கிறேல்ல. எதிர்ல வாறவை அடிச்சுக் காட்டினா கையைத் தூக்கிறதும் இல்லை. நீங்களும் விடுங்கோ ஐயா.